சந்தானம் சாருக்குச் சனிக்கிழமை வகுப்பு

1

அபர்டீனுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் முடிந்த வாரம் அது. மே மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குக் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. நீளம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. எண் புதிது. குரல் புதிதல்ல. முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"அம்மா அமலி, நான் சந்தானம் சார் பேசுறேன், திண்டுக்கல்லுல இருந்து. விலங்கியல். ஞாபகம் இருக்கும்ல. நம்ம காலேஜ் குரூப்புல உன் நம்பர எடுத்தேன். நீ அங்க யூனிவர்சிட்டியில, மூளை எப்படி வேலை செய்யுது, அத வச்சு எப்படிப் படிக்கணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறியாம்ல. கேக்கவே சந்தோசமா இருந்துச்சு. என் பேத்தி நிவேதா அங்கதாம்மா படிக்கிறா. ரெண்டாம் வருசம். மூணு பேப்பர் போச்சு. ஆகஸ்டுல திரும்ப எழுதிப் பாஸ் பண்ணலேன்னா நிறுத்திருவோம்னு லெட்டர் வந்துருக்கு. விசாவும் போயிருமாம். செத்த பாத்துச் செய்யும்மா. அன்னைக்கு உன்னய நான் கண்டிச்சு வளத்ததுனாலதான இன்னைக்கு இம்புட்டுத் தூரம் போயிருக்க. அத நீ மறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

மூன்று முறை கேட்டேன். கடைசி வாக்கியத்தில் அவர் சொன்னது சரி. நான் மறக்கவில்லை.

2

என் வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்குவது கடினம். ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் என் அக்கா, "அவ அங்க டியூசன் எடுக்குறா" என்று சொல்லி முடித்துவிடுவாள். பெரிய தவறு இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கத் திணறும் மாணவர்கள் என் அறைக்கு வருவார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: பத்து முறை படித்தேன், தேர்வில் ஒன்றும் வரவில்லை.

நான் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பப் படித்தால் எழுத்து பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக மூளை எடுத்துக்கொள்ளும். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போதுதான் நரம்புகளுக்கு இடையே உள்ள இணைப்பு வலுக்கிறது. இழுப்பது சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள். இரண்டு நாள் விட்டு, கொஞ்சம் மறந்த பிறகு மறுபடி இழு. உன் சொந்தச் சொல்லில் இன்னொருவருக்குச் சொல். பிறகு தூங்கு. பகலில் எடுத்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான்.

இதைப் பதினொரு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கடற்காகங்கள் சாளரத்தை அலகால் கொத்தும் அறை என்னுடையது. டிசம்பரில் மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. இரண்டுக்கும் பழகிவிட்டேன்.

முன்பே அறிந்தவர்களின் பிள்ளைகளைப் பார்ப்பதென்றால் இங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உறவினர், நண்பர், தொழில் கூட்டாளி என்று மூன்று கட்டங்கள். எதிரிக்குக் கட்டம் இல்லை. மேலாளர் பெண்மணியிடம் போய், மாணவியின் தாத்தா எனக்கு ஆசிரியராக இருந்தவர் என்றேன். குடும்ப நண்பரா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அப்படியானால் தடையில்லை என்று கையெழுத்திட்டார்.

3

சந்தானம் சார் எங்களுக்கு மூன்றாம் ஆண்டில் உடற்செயலியல் எடுத்தார். எடுத்தார் என்றால், மேசைமேல் ஒரு பழைய நோட்டை விரித்து வைத்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். "கமா", "அடுத்த பத்தி" என்பதையும் சேர்த்தே வாசிப்பார். கல்லூரித் தேர்வுத் தாளைத் திருத்தும்போது அந்த நோட்டு பக்கத்தில் இருக்கும். ஒரு சொல் மாறினால் அரை மதிப்பெண் போகும்.

நரம்புத் தூண்டல் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. நான் என் சொல்லில் எழுதினேன். அப்பாவின் சம்பங்கித் தோட்டத்தில் தண்ணீர் பாயும்போது, ஒரு பாத்தி நிறைந்து வரப்பைத் தாண்டினால்தான் அடுத்த பாத்திக்குப் போகும். பாதி நிறைந்தால் அங்கேயே நின்றுவிடும். நரம்பிலும் ஓர் அளவைத் தாண்டினால்தான் தூண்டல் கிளம்பும், தாண்டிவிட்டால் முழுதாகவே கிளம்பும் என்று எழுதியிருந்தேன். படமும் போட்டிருந்தேன். அதற்குச் சைபர்.

தாளை வகுப்பில் உரக்க வாசித்தார். "ஏம்மா, நரம்புக்குள்ள மம்பட்டி வச்சு வெட்டுவியா? உங்கப்பா தோட்டத்துக்குப் பரீட்ச வச்சா நீதான் ஃபர்ஸ்ட்டு." நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் மம்பட்டி. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இன்றும் ஒருத்தி என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நான் எழுந்து, "என்ன தப்புன்னு சொல்லுங்க சார்" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு, "ரெக்கார்டுல கையெழுத்து வாங்க வருவேல்ல, அப்பச் சொல்றேன்" என்றார்.

நம் ஊரில் அறிவியல் படித்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். செய்முறைகளைப் படம் வரைந்து எழுதி வைக்கும் நோட்டு ரெக்கார்டு. அதில் ஆசிரியரின் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். அதைத் தேர்வுக்கு முந்தின நாள் வரை இழுப்பது ஆசிரியர்களின் கையில் இருந்த சாட்டை. பெரும்பாலும் சும்மா சுழற்றிவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் போடவில்லை. கடைசி நாள் காலை பத்தேகாலிலிருந்து மாலை நாலு ஐம்பது வரை ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றேன். பக்கத்துப் படிக்கட்டு வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை, தேர்வு தொடங்குவதற்கு முன், அப்பா என்னோடு கல்லூரிக்கு வந்தார். அவர் பெயர் ஜேசுராஜ். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சந்தானம் சார் அவரை உட்காரச் சொல்லவில்லை. "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. ஒரு வருசம் வீட்ல இருக்கட்டும், அடங்கிரும்" என்றார். அப்பா, "சரிங்க சார்" என்றார். கும்பிட்டும் விட்டார்.

அந்த ஒரு வருடம் வீட்டில் பூக்கட்டினேன். அடுத்த மார்ச்சில் அப்பா தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் தேர்வெழுதியது ஏப்ரலில். வீட்டின் முதல் பட்டத்தை அவர் பார்க்கவில்லை.

நினைவு என்பது ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. அடிக்கடி எடுத்த நினைவை அதிகம் சந்தேகியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்பவள் நான். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, என் பழைய டைரிகள் இருக்கும் பெட்டியைப் பரண் அலமாரியிலிருந்து இறக்கினேன். உரக்கடையில் அப்பாவுக்கு இலவசமாகக் கிடைத்த டைரிகள் அவை. அந்தப் பக்கத்தைப் படித்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். ஊதா என்று எழுதியிருக்கிறது. மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. சார் சிரித்தாரா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருந்தது. சிரித்தார்.

4

நிவேதா வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வர வேண்டியவள், ஒன்பது நிமிடம் முன்னதாகவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். நகங்களைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. மடியில் ஐந்து நோட்டுகள், நான்கு நிறப் பேனாக்கள்.

"தாத்தா உங்களப் பத்தி நிறையச் சொல்லிருக்காங்க மேடம்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

தயங்கினாள். "நீங்க மொதல்ல சரியாப் படிக்க மாட்டீங்களாம். ஒரு வருஷம் நிறுத்தி வச்சுத் திருத்துனாங்களாம். அப்புறம்தான் நல்லா வந்தீங்களாம். எனக்கு மார்க் கொறையும்போதெல்லாம் உங்க கதையத்தான் சொல்வாங்க."

பேனாவைக் கீழே வைத்தேன்.

நரம்புத் தூண்டல் பற்றிச் சொல் என்றேன். விரிவுரைத் திரையில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மூச்சு விடும் இடம்கூட அளந்து வைத்ததுபோல் இருந்தது. நரம்பிழைக்கு வெளியே உள்ள சோடியத்தைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். விழித்தாள். பிறகு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"போதும். எப்படிப் படிப்ப?"

"தாத்தாகிட்ட ஒப்பிப்பேன் மேடம். கிளாஸ் ஸ்லைட எல்லாம் அவங்களுக்கு அனுப்பிருவேன். தெனமும் போன்ல ஒன்றரை மணி நேரம். அவங்க பாத்துக்கிட்டே கேப்பாங்க. ஒரு வார்த்தை விட்டாலும் திரும்ப மொதல்ல இருந்து."

"எப்ப இருந்து?"

"அஞ்சாப்புல இருந்து. பிளஸ் டூல ஸ்கூல் ஃபர்ஸ்ட் மேடம் நான்."

"தூங்குவியா?"

"ஒப்பிச்சு முடிச்சிட்டு, அப்புறம் இங்க உள்ள அசைன்மென்ட் பாக்கணும்ல. நாலு மணி நேரம் தூங்குவேன்."

எங்கள் நாற்பது பேரிடம் ஓராண்டு செய்ததை இந்த ஒரு பிள்ளையிடம் பத்தாண்டு செய்திருக்கிறார். அவள் தோற்ற மூன்று தாள்களிலும் கேள்விகள் நேராக வரவில்லை; தெரிந்ததை வைத்து யோசிக்கச் சொல்லி வந்திருந்தன. அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்தது என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அன்றைய டைரியில் வேறு சொல் இருக்கிறது. "கிடைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறேன்.

5

மேலாளருக்கும் தேர்வுக் குழுவுக்கும் திட்டம் எழுதிக் கொடுத்தேன். தினசரி ஒப்பிப்பதை நிறுத்துவது. ஏழு மணி நேரத் தூக்கம். நாள்தோறும் புத்தகத்தை மூடி வெள்ளைத் தாளில் எழுதுவது. மூன்று பாடங்களையும் கலந்து, இடைவெளி விட்டுத் திரும்ப எடுப்பது. வாரம் ஒருமுறை, ஒருவருக்குத் தன் சொல்லில், தனக்குச் சுலபமான மொழியில் விளக்குவது. கேட்டவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் அதற்கு மதிப்பெண் போட வேண்டும். திருத்துகிறவருக்குத்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும்.

கேட்பவர் யாராகவும் இருக்கலாம். நான் சந்தானம் சாரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

தொலைபேசியில் அவரிடம் விதிகளைச் சொன்னேன். சனிக்கிழமைதோறும் வீடியோ அழைப்பு; எங்களுக்குக் காலை பத்து, அவருக்கு மதியம் இரண்டரை.

"அவ சொல்லும்போது நான் வாயவே தொறக்கக் கூடாதா?"

"கூடாது சார்."

"முப்பத்தி நாலு வருசம் வாத்தியாரா இருந்தவன்மா நான்."

"தெரியும் சார். அதுனாலதான் சொல்றேன். கையில தாள் எதுவும் இருக்கக் கூடாது. ரெண்டு கையும் தெரியற மாதிரி உக்காருங்க."

முதல் சனிக்கிழமை இரண்டு இருபத்தைந்துக்கே இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நிவேதா அவளுடைய அறையிலிருந்தும், நான் என் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தும் இணைந்தோம். அவள் சிறுநீரகத்தைத் தமிழில், திக்கித் திக்கி, தன் சொல்லில் சொன்னாள். இரண்டு முறை அவர் வாய் திறந்தது. "சார்" என்றேன். மூடிக்கொண்டார். பிறகு அவர் முறை.

"சிறுநீரகம் என்பது அவரை விதை வடிவமுடைய, செம்பழுப்பு நிறமுடைய..."

"தாத்தா, அத நான் சொல்லல. நான் சொன்னதச் சொல்லுங்க."

"அதத்தாம்மா சொல்றேன்."

"இல்ல தாத்தா."

அவள் என்னைப் பார்த்தாள். போடு என்று தலையசைத்தேன். பத்துக்கு ஒன்று. அந்தத் தாளைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். அன்று மதியம் நான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த மீன்குழம்பு வைத்தேன்.

இரண்டாம் வாரம் இரண்டு மதிப்பெண். மூன்றாம் வாரம் இதயம். திடீரென்று தங்கு தடையில்லாமல் சொன்னார். கண் மட்டும் கீழே கீழே போனது.

"சார், கையத் தூக்குங்க."

தூக்கினார். ஏதோ தொப்பென்று தரையில் விழுந்தது.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்லம்மா, பழைய நோட்டு."

"பிட்டா தாத்தா?" என்றாள் நிவேதா. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சைபர் போட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

சத்தம் கேட்டு என் மகன் கெவின் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். எட்டு வயதிலிருந்து அப்படித்தான். திண்டுக்கல் அவனுக்கு வெயிலும் கொசுவும் நிறைந்த ஒரு விடுமுறை. அழைப்பு முடிந்ததும், "புவர் ஓல்ட் மேன். அம்மா, திஸ் இஸ் புல்லியிங்" என்றான்.

ஆமாம் என்றேன். அவன் ரொட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

6

நிவேதா தேறி வந்தாள். ஜூலை நடுவில் சோடியம் கேள்வியை நான் வேறு மாதிரித் திருப்பிக் கேட்டபோது, பேனாவைச் சுழற்றியபடி அரை நிமிடம் யோசித்து, "உள்ள வர்றதுக்கு ஆள் கம்மி மேடம். அப்ப உச்சி கொறையும்" என்றாள். சரியான விடை. நகங்களும் கொஞ்சம் வளர்ந்திருந்தன.

அந்த வாரத்துச் சனிக்கிழமை, பாடம் தொடங்கும் முன் சந்தானம் சார் உற்சாகமாக இருந்தார். "பாத்தியா நிவி, மேடம் எம்புட்டுக் கண்டிப்பு. எல்லாம் நம்ம பட்டறையில தட்டுனது. அன்னைக்கு நான் ஒரு வருசம் நிறுத்தி வைக்கலேன்னா இவ எங்கயாவது பூக்கட்டிக்கிட்டு இருந்துருப்பா."

டைரி மேசைமேல் தயாராக இருந்தது. ஐந்து வாரமாக அங்கேதான் இருந்தது. அதைத் திறந்து படித்தேன். பத்தேகால், நாலு ஐம்பது, படிக்கட்டு, ஊதாச் சட்டை, "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி", "சரிங்க சார்". குரலை உயர்த்தவில்லை. முடித்துவிட்டு, "நான் அந்த வருசம் பூதான் கட்டுனேன் சார். மார்ச்சுல எங்கப்பா செத்துட்டாரு. நான் டிகிரி வாங்குனத அவர் பாக்கல. நீங்க நிறுத்தி வச்சதுக்குப் பலன் அதுதான். வேற எதுவும் இல்ல" என்றேன்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார். "அப்ப எல்லாருமே அப்படித்தான்." அவர் திரை இருண்டது.

நிவேதா மட்டும் இருந்தாள். அழவில்லை. "மேடம், இந்தச் சனிக்கிழமை எல்லாம் எனக்காக வச்சதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"உனக்காகவும்தான்."

"எனக்குப் பரீட்சைக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. நான் போனா திரும்பி வர முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவளும் போய்விட்டாள். நேரம் பத்து பதினேழு. அன்று குழம்பு எதுவும் வைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சார் வரவில்லை. திங்கட்கிழமை அவளுடைய மூன்று வெள்ளைத்தாள்கள் எனக்கு வந்திருந்தன; அவற்றில் பழைய விரிவுரை வாக்கியங்கள் மறுபடி தலைகாட்டின. பயம் வந்தால் மூளை பழைய தடத்துக்கே ஓடும். அந்தப் பயத்தை உண்டாக்கியது இந்த முறை நான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். வரும் சனிக்கிழமை சாருக்குப் பதில் வேறொருவர் கேட்பார் என்றும் எழுதினேன்.

கெவினைக் கூப்பிட்டேன். எனக்கு என்ன தெரியும் என்றான். ஒன்றும் தெரியாது, அதுதான் தகுதி என்றேன். வந்து உட்கார்ந்தான். நிவேதா தமிழும் ஆங்கிலமுமாக ஹார்மோன்களைச் சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லும்போது பாதி தவறு. அவள் பொறுமையாக மூன்று வேறு உதாரணம் தேடிப் பிடித்தாள். பத்துக்கு ஆறு போட்டாள். "தாத்தாவ விட நல்லாப் பண்றான்" என்றாள். அவன், "தேங்க்ஸ்க்கா" என்றான். இரண்டு சொல்லில் ஒன்று தமிழ். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

7

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, பத்து மணிக்குத் திரையில் மூன்றாவது கட்டம் திறந்தது. சந்தானம் சார். சட்டை இஸ்திரி போடாதது. இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தார்.

"என்ன பாடம் நிவி?"

"நரம்பு, தாத்தா."

அவள் பதினான்கு நிமிடம் சொன்னாள். அவர் வாய் திறக்கவே இல்லை. முடிந்ததும் அவர் முறை வந்தது. மேசைமேல் இருந்த தன் வெறுங்கைகளையே பார்த்தார்.

"தாத்தா, என்ன புரிஞ்சுச்சோ அதச் சொல்லுங்க போதும்."

"புரியலம்மா."

"எந்த இடம்?"

"மொத்தமும்." பேத்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எனக்கு எப்பவுமே இது புரிஞ்சதில்ல அமலி. அந்த நோட்டு எங்க சார் எனக்குச் சொல்லி நான் எழுதுனது. அத அப்படியே உங்களுக்குச் சொன்னேன். நீ பாத்தி, வரப்புன்னு எழுதிருந்தேல்ல. அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. நோட்டுல இல்ல. அதான் சைபர் போட்டேன். நீ எந்திரிச்சு என்ன தப்புன்னு கேட்ட. எனக்குச் சொல்லத் தெரியல. கையெழுத்து வாங்க வந்தா நீ மறுபடி கேப்பேன்னு தோணுச்சு. அதான் படிக்கட்டு வழியாப் போயிட்டேன்."

நிவேதா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்னை வெறுத்தார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் இன்னொருவரை வெறுப்பதில் ஏதோ ஒரு மரியாதையாவது இருக்கிறது. இவர் தன் நோட்டைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்காக என் அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார். கோபம் தணியும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் ஒரு கணம் எதிர்பார்த்தேன். தணியவில்லை. முன்பு அது ஒரு பெரிய ஆளின் மேல் இருந்தது, இப்போது ஒரு சின்ன ஆளின் மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

"நிவேதா, மார்க் போடு" என்றேன்.

"மேடம்..."

"போடும்மா. புரியலேன்னு சொன்னதுக்கு ஒண்ணு குடு."

ஒன்று போட்டாள்.

தேர்வுகள் நடந்தன. ஆகஸ்டு கடைசி வியாழக்கிழமை பிற்பகல் நிவேதா என் அறைக்கு ஓடி வந்து கைப்பேசியை நீட்டினாள். மூன்று தாளிலும் தேர்ச்சி. நரம்பியல் தாளில்தான் அதிகம். அவள் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறாள்.

அன்று மாலை சந்தானம் சார் கூப்பிட்டார். நன்றி சொன்னார். "அன்னைக்கு நான் செஞ்சது தப்புதாம்மா. மன்னிச்சிரு. உங்கப்பா முன்னாடி நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "பேத்தி பாஸாயிட்டா. இனிமே சனிக்கிழமை நான் வர வேண்டியதில்லல்ல. மதியம் செத்த நேரம் படுத்தாத்தான் உடம்பு தாங்குது" என்றார்.

"மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாப்போம் சார். நரம்பு உங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

"முழுசா இல்லம்மா."

"அப்ப சனிக்கிழமை ரெண்டரைக்கு உக்காருங்க."

"அவதான் பாஸாயிட்டாளேம்மா."

"நீங்க ஆகலியே சார்."

போன சனிக்கிழமை வந்தார். நிவேதா சொல்லிக்கொடுத்தாள். பத்துக்கு மூன்று. இந்த வாரம் மறுபடி அதே பாடம். எனக்கு அவசரமில்லை.